பதிப்பாளரை மறந்த இலக்கிய வரலாறு

பத்திரிகைத் துறையிலிருந்து பதிப்புத் துறைக்குச் சென்றோரின் வாழ்வை மேலைநாட்டார் விரிவாகவே எழுதி வைக்கின்றனர். இலண்டன் 'சண்டே டைம்ஸ்' இதழின் ஆசிரியராக 1967 முதல் 1981 வரை விளங்கிய ஹரோல்ட் எவன்ஸ், 1990இல் நியூயோர்க்கின் 'ரண்டம் ஹவுஸ்' பதிப்பகத்துக்குத் தலைவரானமை அங்கே பலரும் அறிந்த செய்தி. நம்மவருள் எஸ். எம். ஹனிபா என்றொருவர் வாழ்ந்தாரென்பதைத் தமிழ்ச் சிறப்புப் பட்டதாரிகளுள் எத்தனை பேர் அறிவர்?

கண்டி மாவட்டத்துக் கல்ஹின்னைக் கிராமத்தவர்; லேக்ஹவுஸ் பத்திரிகையாளர். தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பங்கு குறித்து ம. மு. உவைஸ் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வினை 1953இல் வெளியிட்டது அவர் நிறுவிய தமிழ் மன்றமே. மறு ஆண்டில் சு. வித்தியானந்தனின் 'தமிழர் சால்பு' வந்ததும் அம்மன்றத்தின் வாயிலாகவே. இவ்விரு நூல்களையும் அடிக்குறிப்பில் இடாத ஆய்வேடு அரிது. அவ்வடிக்குறிப்பில் பதிப்பகத்தின் பெயரை இயந்திரம்போல் எழுதிச் செல்வோர், அப்பெயருக்குப் பின்னே ஒரு மனிதர் நின்றதை எண்ணிப் பார்ப்பதில்லை.

பதிப்பு வணிகம், ஆய்வுக்கு உரியதன்று என்பர் சிலர். வணிகமே குறியாயின் மலைநாட்டுச் சிற்றூரொன்றின் பெயரால் ஆய்வு நூல்களையா ஒருவர் அச்சேற்றுவார்? பாடநூல் விளக்கங்களும் சோதிட ஏடுகளும் விலைபோகா நாடா இது! உவைஸையும் வித்தியானந்தனையும் ஒரே மன்றத்தின் வெளியீடுகளாக அடுத்தடுத்து நிறுத்தியது ஒரு திறனாய்வுத் தீர்ப்பு. முஸ்லிம் புலமையைத் தமிழ்ப் புலமையின் பின்னிணைப்பாகக் கருதிய மனப்பாங்குக்கு அது செயலால் அளித்த மறுப்புமாகும்.

கீழைக்கரையில் இவ்வினா இன்னும் கூர்மையானது. எம். ஏ. நுஃமான் முதலியோர் முயற்சியால் கல்முனையில் வாசகர் சங்கம் 1970களில் நூல்களை வெளியிட்டது. ஆயினும் இன்றும் ஆலையடிவேம்பிலோ அக்கரைப்பற்றிலோ எழுதுபவர் தம் கைப்பணத்தில் அச்சிட்டு, தாமே சுமந்து விற்று, எஞ்சிய பிரதிகளைக் கறையானிடமிருந்து காப்பதையே பெரும்பாலும் காண்கிறோம். இந்நிலையில் அவர் நூல் பல்கலைக்கழக நூலகத்துக்கு எட்டுவதில்லை. எட்டாததை, 'அப்பகுதியில் எழுத்தே இல்லை' என்று நம் விரிவுரைகள் பொருள்கொள்கின்றன.

தமிழ்த்துறைகள் பதிப்பு வரலாற்றை ஒரு பாடமாக ஏற்கட்டும். தமிழ் மன்றத்தினதும் வாசகர் சங்கத்தினதும் நூற்பட்டியல்களைத் தொகுக்க இரு மாணவரை ஓராண்டு அமர்த்துவது நம் துறைகளுக்கு இயலாத செலவா?