இணையப் பக்கம் காணாமல் போனால் யாரிடம் கேட்பது?

பழைய இணைப்பு ஒன்றைத் தட்டுகிறீர்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்பு உங்கள் பள்ளித் தமிழ் மன்றம் பதிவேற்றிய நிகழ்ச்சிப் படங்கள் அதில் இருந்தன. இப்போது திரையில் வருவது "பக்கம் இல்லை" என்ற ஒரே வரி.

யாராவது நீக்கிவிட்டார்களா? தளத்துக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்துபோச்சா? தெரியாது. படங்கள் போனது போனதுதான்.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2024இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு, பத்து ஆண்டுகள் கழித்துத் திறக்கவில்லை.

சரி, ஒரே இடத்தை நம்பாமல் பக்கங்களைப் பல கணினிகளில் பகிர்ந்து வைத்தால் என்ன? அவை மாறும்போது பழைய பதிப்பையும் சேர்த்தே காக்க முடியுமா? முடியும் என்கிறது ஒரு தொழில்நுட்பம். அது எப்படி வேலை செய்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்போம்.

இணைய முகவரியில் என்ன கோளாறு?

நாம் தட்டச்சு செய்யும் இணைய முகவரி, வீட்டு முகவரி மாதிரி. எந்த புளோக், எந்த மாடி, எந்தக் கதவு என்று அது சொல்லும். உள்ளே யார் இருக்கிறார் என்று சொல்லாது. குடியிருந்தவர் வீடு மாறிவிட்டால் கதவைத் தட்டிப் பயனில்லை. வேறொருவர் குடிவந்திருந்தால் கதவு திறக்கும், ஆனால் நீங்கள் தேடி வந்தவர் அங்கே இல்லை.

ஆக, சிக்கல் இரண்டு. பக்கம் மறைந்துபோகலாம். அல்லது, முகவரி அப்படியே இருக்க, உள்ளடக்கம் சத்தமில்லாமல் மாறிவிடலாம். இரண்டாவது வகை மாற்றம் கண்ணில் படுவதே கடினம்.

இடத்தைக் கேட்காமல் பொருளைக் கேட்டால்?

ஐபிஎஃப்எஸ் என்ற முறை இங்கேதான் வருகிறது. ஹுவான் பெனெட் என்பவர் தொடங்கிய புரோட்டோகால் லேப்ஸ் நிறுவனம், சுமார் பத்தாண்டுகளுக்கு முன் இதை அறிமுகப்படுத்தியது.

இதில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு "கைரேகை" உண்டு. கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துக் கணினி கணக்கிடும் நீண்ட குறியீடு அது. ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் போதும், குறியீடு முழுதும் வேறாகிவிடும். அந்தக் கைரேகையே கோப்பின் முகவரி.

நீங்கள் "இந்தக் கைரேகை உள்ள கோப்பு யாரிடம் இருக்கு?" என்று கட்டமைப்பைக் கேட்கிறீர்கள். ஜூரோங்கில் இருக்கும் கணினி கொடுக்கலாம், ஜெர்மனியில் இருக்கும் கணினியும் கொடுக்கலாம். வந்த கோப்பின் கைரேகையை உங்கள் கணினியே மீண்டும் கணக்கிட்டுப் பார்க்கும். பொருந்தவில்லை என்றால் ஏற்காது. கொடுத்தவர் யார் என்று தெரியாவிட்டாலும், கொடுத்த பொருளைச் சரிபார்க்க முடிகிறது.

குடும்பத் திருமணக் காணொளியை நினைத்துப்பாருங்கள். உங்கள் வீட்டு நாடா பூஞ்சை பிடித்துப்போனால் என்ன, அத்தை வீட்டில் ஒன்று இருக்கும், ஈப்போ மாமா வீட்டில் ஒன்று இருக்கும். யாரிடமிருந்து வாங்கினாலும் அதே திருமணம்தான்.

பதிப்புகள் எப்படிச் சேமிக்கப்படுகின்றன?

ஒரு செய்திப் பக்கத்தில் இருபது படங்களும் ஒரு கட்டுரையும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் கட்டுரையில் ஒரு வரி திருத்தப்படுகிறது. முழுப் பக்கத்தையும் மறுபடி சேமிக்க வேண்டியதில்லை. படங்கள் மாறவில்லை, அவற்றின் கைரேகையும் மாறவில்லை. புதிய பதிப்பு அதே படங்களைச் சுட்டிக்காட்டும். திருத்திய கட்டுரை மட்டும் புதிதாகச் சேரும்.

ஒவ்வொரு புதிய பதிப்பும் முந்திய பதிப்பின் கைரேகையைத் தனக்குள் வைத்துக்கொள்ளும்படியும் அமைக்கலாம். அப்போது பதிப்புகள் சங்கிலி மாதிரி கோக்கப்படும். நடுவில் ஒன்றை யாராவது மாற்றினால், அதற்குப் பின்னால் உள்ள எல்லாக் கைரேகைகளும் பொருந்தாமல் போகும். மென்பொருள் எழுதுவோர் 2005 முதல் பயன்படுத்தும் கிட் என்ற கருவியும் இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். கைரேகை பொருந்தினால், கோப்பு மாறவில்லை என்று மட்டுமே பொருள். அதில் எழுதியிருப்பது உண்மை என்று பொருளில்லை.

நிஜத்தில் பயன்பட்டிருக்கிறதா?

2017 ஏப்ரல் 29ஆம் தேதி துருக்கி, விக்கிப்பீடியாவின் எல்லா மொழிப் பதிப்புகளையும் தடை செய்தது. சில நாள்களிலேயே துருக்கிய விக்கிப்பீடியாவின் பிரதி ஒன்று ஐபிஎஃப்எஸ்ஸில் ஏற்றப்பட்டது. ஒரு முகவரியை அடைத்தாலும் வேறு கணினிகளிலிருந்து படிக்க முடியும் என்பதே நோக்கம்.

ஆனால் அது ஒரு நாளின் நிழற்படம் மட்டுமே. படிக்கலாம், திருத்த முடியாது. தடை நீங்கியது 2020 ஜனவரி 15ஆம் தேதி. நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகுதான் அது நடந்தது. பிரதி இருந்தது உதவி. என்றாலும் நாளுக்கு நாள் வளரும் கலைக்களஞ்சியத்துக்கு அது ஈடாகவில்லை.

ஒரே காப்பகம் போதாதா?

இன்று பழைய பக்கம் தேடுவோர் பெரும்பாலும் போவது இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பின் வேபேக் மெஷினுக்குத்தான். 1996இல் புரூஸ்டர் கேல் தொடங்கிய அமைப்பு அது.

2024 அக்டோபரில் அது இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. 31 மில்லியன் பயனீட்டாளர் கணக்குகளின் விவரங்கள் கசிந்தன. தளம் சில நாள்கள் முடங்கியது. சேமித்த பக்கங்கள் அழியவில்லை. ஆனால் உலகமே ஒரு கதவை நம்பியிருந்தது என்பது அந்தச் சில நாள்களில் எல்லாருக்கும் புரிந்தது.

பல பிரதி வைப்பது நூலகங்களுக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான லாக்ஸ் திட்டத்தில், பல நூலகங்கள் ஒரே ஆய்விதழின் பிரதிகளை வைத்திருக்கும். அவற்றின் கணினிகள் அவ்வப்போது ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும். ஒன்றில் பழுது தெரிந்தால் மற்றவற்றைப் பார்த்துச் சரிசெய்யும்.

சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் 2006 முதல் இணையத்தளங்களைச் சேகரித்து வருகிறது. சட்டத் திருத்தம் 2019இல் நடப்புக்கு வந்த பிறகு, '.எஸ்ஜி' என்று முடியும் தளங்களை உரிமையாளரிடம் தனித்தனியாக அனுமதி கேட்காமலேயே அது சேமிக்கலாம்.

கவனித்தீர்களா, '.எஸ்ஜி'. நம்மவர்கள் தமிழில் எழுதிய எத்தனையோ வலைப்பூக்கள் '.காம்' என்று முடிபவை, வெளிநாட்டு நிறுவனங்களின் இலவசச் சேவையில் இருப்பவை. அந்த அதிகாரம் அவற்றைத் தானாகத் தொடாது.

அப்போ, பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. மூன்று காரணங்கள்.

முதலாவது, யாராவது வைத்திருந்தால்தான் பக்கம் இருக்கும். ஐபிஎஃப்எஸ்ஸில் போட்டுவிட்டால் என்றென்றும் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு கணினியாவது அந்தக் கோப்பை விடாமல் வைத்திருக்க முன்வர வேண்டும். எல்லாரும் இடம் போதவில்லை என்று அழித்துவிட்டால், கையில் கைரேகை மட்டும் மிஞ்சும். ஆர்வமும் நிலையானதல்ல. பிரேவ் உலாவி 2021இல் ஐபிஎஃப்எஸ் வசதியைச் சேர்த்தது, 2024இல் எடுத்துவிட்டது.

இரண்டாவது, அழிக்க வேண்டியதை அழிக்க முடியாது. பதினாறு வயதில் கோபத்தில் எழுதிய பதிவு, அனுமதியில்லாமல் போட்ட படம், திருத்த அறிவிப்பு சேர்க்கப்படுவதற்கு முந்திய பொய்த் தகவல். மூலத் தளம் நீக்கினாலும் வேறு கணினிகளில் பழைய பதிப்பு தங்கியிருக்கும். திருத்தம் ஒரு கைரேகையில், தவறு இன்னொரு கைரேகையில். இரண்டையும் சேர்த்துக் காட்ட யாருக்கும் கட்டாயம் இல்லை. நூலகம் என்றால் புகார் கொடுக்க ஒரு முகவரி இருக்கும். இங்கே யாரிடம் போய்க் கேட்பது?

மூன்றாவது, கோப்பு பத்திரமாக இருந்தும் படிக்க முடியாமல் போகலாம். இதைத் தமிழர்கள் நன்றாகவே அறிவோம். சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியது 1995இல். தமிழ்ப் பகுதிக்கு உழைத்தவர் நா. கோவிந்தசாமி. அப்போது யூனிகோடு தமிழ் பரவலாகவில்லை. ஒவ்வொரு தளமும் ஒவ்வோர் எழுத்துருவைக் கேட்டது. அந்தக் காலப் பக்கம் ஒன்றை அப்படியே சேமித்து, கைரேகை மாறாமல் இன்று எடுத்தாலும், உரிய எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் தெரிவது புரியாத குறிகள்தான். பிரதியோடு அதைப் படிக்கும் வழியையும் காக்க வேண்டியிருக்கிறது.

நூலகமா, கட்டமைப்பா?

இரண்டும் வேண்டும். பகிர்வுக் கட்டமைப்பு பல பிரதிகளையும் சரிபார்க்கும் வசதியையும் கொடுக்கிறது. எதைக் காப்பது, எதை மறைப்பது, யார் செலவைப் பார்ப்பது என்று அது முடிவு செய்யாது. அதற்குப் பொறுப்பேற்கும் ஓர் அமைப்பு தேவை. பல நூலகங்கள் தங்களுக்குள் இத்தகைய கட்டமைப்பை வைத்துக்கொண்டால், ஒரு கதவு மூடினாலும் மறு கதவு திறந்திருக்கும். கேள்வி கேட்கவும் ஆள் இருப்பார்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் சங்கம், ஆலயம், பள்ளி முன்னாள் மாணவர் குழு ஆகியவற்றுக்கு இணையப் பக்கம் இருக்கிறதா? அதன் கடவுச்சொல்லும் கட்டணப் பொறுப்பும் ஒருவரிடம் மட்டும் இருந்தால், இரண்டாவது ஆளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான பக்கங்களை வேபேக் மெஷினில் நீங்களே சேமிக்கலாம். முகவரியை ஒட்டி ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். கூடவே உங்கள் கணினியில் ஒரு பிரதியும், வெளியே வேறோர் இடத்தில் இன்னொரு பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள்.

தளத்தை மூட முடிவு செய்தால், மூடுவதற்கு முன்பே நூலகத்திடம் கேளுங்கள். மூடிய பிறகு கேட்டால், அவர்களுக்கும் திரையில் தெரிவது அதே வரிதான்: "பக்கம் இல்லை".