மேஜைமேல் ஒரு கப்பல்

துறையூர் என்ற பெயரைக் கேட்டதும் வெளியூர் நண்பர்கள் சிலர், "துறை இருக்கிறதே, கப்பலும் உண்டோ?" என்று பரிகாசமாகக் கேட்பதுண்டு. நமது ஊரில் உள்ள தண்ணீரெல்லாம் பெரிய ஏரியிலும் தெப்பக்குளத்திலும் அடங்கிவிடும். சற்றுத் தள்ளிப் போனால் பச்சைமலை. கடலைக் கண்ணால் காண விரும்புகிறவர்கள் திருச்சிராப்பள்ளிக்குப் போய், அங்கிருந்து நாகப்பட்டினத்துக்கு ரயிலேற வேண்டும். ஆயினும் இந்த விடுமுறையில் நமது ஊரிலே இரண்டு மூன்று வீடுகளில் கப்பல் கட்டும் தொழில் மும்முரமாக நடந்து வருகிறது என்பதை வாசகர்களுக்குத் தெரிவித்துக் கொள்கிறோம். கப்பல் கட்டும் துறை, சாப்பாட்டு மேஜை. ஓடாவிகள், நம்மிடம் படிக்கும் பிள்ளைகள்.

கப்பல் பிளாஸ்டிக்கினால் ஆனது. அட்டைப் பெட்டியொன்றில், ஒரு சட்டத்தோடு ஒட்டியபடி நூற்றுக்கணக்கான சிறு துண்டுகள் வருகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, அரம் போட்டுத் தேய்த்து, வர்ணம் பூசி, ஒட்டிக்கொண்டே போனால் பழைய காலத்துப் பாய்மரக் கப்பல் உருவாகிறது. ஒட்டும் திரவம் சாதாரணப் பசையன்று. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சிறிது கரைத்து, இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடுகிறது. இங்கிலாந்திலே ஏர்பிக்ஸ் என்ற கம்பெனியார் 1952-ல் டிரேக்கின் 'கோல்டன் ஹைண்ட்' கப்பலை இவ்விதம் சிறு வடிவில் செய்து மலிவாக விற்றார்கள். அமெரிக்காவில் ரெவெல், பிரான்சில் ஹெல்லர் முதலிய கம்பெனிகளும் இத்தொழிலில் இறங்கின. இன்று நமது தேசத்திலும் தபாலில் வரவழைத்துக் கொள்ளலாம்.

"பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளை நூலும் பசையுமாக உட்கார்ந்திருக்கிறானே, இதனால் என்ன பிரயோஜனம்?" என்று பெற்றோர்கள் நம்மைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பணமும் செலவாகிறது, பொழுதும் செலவாகிறது. கப்பலின் உடலை மட்டும் ஒட்டி முடித்து அலமாரியில் வைத்துவிடுவதானால், பிரயோஜனம் அதிகமில்லை என்றே நாமும் சொல்வோம். உடலை ஒட்டுவது ஒரு வார வேலை. பெட்டியில் உள்ள காகிதத்தைப் பார்த்து, எண்ணுக்கு எண் பொருத்தினால் போதும். அதில் யோசனைக்கு வேலையில்லை. உண்மையான கல்வி அதற்குப் பிறகு, பாய்மரங்களை நிறுத்திக் கயிறு கட்டத் தொடங்கும்போதுதான் ஆரம்பமாகிறது.

பாய்மரக் கப்பலின் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கயிறுகளெல்லாம் சிலந்திக் கூடு போலத் தோன்றும். அழகுக்காக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. அவற்றில் ஒன்றுகூட வீணானதல்ல. கயிறுகள் இரண்டு ஜாதி. ஒரு ஜாதி நிலையாக நிற்பது. இன்னொரு ஜாதி ஓடி உழைப்பது. நிற்கும் கயிறுகள் பாய்மரத்தைத் தாங்குகின்றன. காற்று பாயைத் தள்ளும்போது, பாய் மரத்தை முன்னோக்கி இழுக்கிறது. மரம் முறியாமல் இருக்க வேண்டுமானால் பின்புறத்திலிருந்தும் பக்கங்களிலிருந்தும் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று திடீரென்று எதிர்த்து அடித்தால் மரம் பின்னால் சாய்ந்துவிடாதபடி முன்புறத்திலிருந்தும் ஒரு கயிறு பிடித்துக்கொள்கிறது. மழையிலும் வெயிலிலும் கிடக்கும் இக்கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள். ஆகவே மாதிரிக் கப்பலில் இவற்றுக்குக் கறுப்பு நூல். ஓடும் கயிறுகள் பாயை ஏற்றவும் இறக்கவும், பாயைத் தாங்கும் குறுக்கு மரமாகிய பருமலைக் காற்றுக்குத் தக்கபடி திருப்பவும், பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கவும் ஏற்பட்டவை. கடைசியில் சொன்ன கயிற்றுக்கு நமது கடற்கரையில் தாமான் என்று பெயர். இவை கையால் இழுக்கப்படுபவை. ஆகையால் தார் குறைவு, நிறமும் வைக்கோல் நிறம்.

பிள்ளை இந்தச் சூட்சுமத்தை ஒரு தரம் அறிந்துகொண்டானானால், அப்புறம் அவனுக்குக் காகிதத்தின் உதவி அவ்வளவாக வேண்டியதில்லை. ஒரு கயிற்றைத் தொட்டு, "இது என்ன வேலை செய்கிறது?" என்று கேட்டால் அது எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பது தானே விளங்கும். பௌதிக சாஸ்திரத்தில் விசைகளின் சமநிலை என்ற பாடத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிப் போடுகிறோம். நூலை ஒரு பக்கம் அதிகமாக இழுத்ததும் பாய்மரம் அந்தப் பக்கம் வளைவதைக் கண்ணாரக் கண்ட பிள்ளைக்கு அந்தப் பாடம் மறக்காது.

கட்ட முயலுகிறவர்களுக்குச் சில யோசனைகள் சொல்கிறோம். பிளாஸ்டிக் பாய்மரம் நூலின் இழுப்புக்கு வளைந்து கொடுக்கும். ஆதலால் அதற்குப் பதிலாக மூங்கில் குச்சியைச் சீவி வைத்துக்கொள்வது நலம். நூலைத் தேன்மெழுகில் இழுத்தெடுத்தால் பிசிர் அடங்கிவிடும். மெழுகு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பக்கக் கயிறுகளை வலத்தில் ஒன்று, இடத்தில் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். ஒரு பக்கம் முழுவதையும் முதலில் முடித்துவிட்டால் மரம் கோணிக்கொள்ளும். வேலையைக் கீழிருந்து மேலாகவும், நடுவிலிருந்து வெளிப்புறமாகவும் செய்துகொண்டு போக வேண்டும். வெளிக் கயிறு முன்னதாகக் கட்டப்பட்டால் உள்ளே சாமணம் நுழையாது.

மாலுமிகள் ஏறுவதற்காகப் பக்கக் கயிறுகளின் குறுக்கே படிப்படியாகக் கட்டிய ஏணிதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. உண்மைக் கப்பலில் படிக்குப் படி ஏறத்தாழ ஓரடி இடைவெளி. தொண்ணூற்றாறில் ஒரு பங்காகச் செய்த மாதிரியில் அது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு. நூற்றுக்கணக்கான முடிச்சுகள்! பெட்டிக்காரர்கள் இதற்காகவே பிளாஸ்டிக்கில் வார்த்த ஏணியையும் சேர்த்து அனுப்புகிறார்கள். ஒட்டிவிட்டால் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. அதைத் தூர வைத்துவிட்டு முடிச்சுப் போடுங்கள் என்பதே நமது அபிப்பிராயம். முதல் இருபது முடிச்சு கோணலாக வரும். நூறாவது முடிச்சு நேராக வரும். இந்த எண்பது முடிச்சுகளுக்கு நடுவே பிள்ளைக்கு உண்டாகிற பொறுமையை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, நமது மனத்தை உறுத்துகிற வேறொரு விஷயத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தப் பெட்டிகளின்மேல் அச்சிட்டிருக்கும் கப்பல்கள் யாருடையவை? பெரும்பாலும் மேனாட்டாருடையவை. நெல்ஸன் 1805-ல் டிரபால்கரில் போர் புரிந்த 'விக்டரி'. சீனத்துத் தேயிலை ஏற்றி வந்த 'கட்டி சார்க்'. மேலே சொன்ன டிரேக்கின் கப்பல். இவற்றின்மீது நமக்குத் துவேஷம் கிடையாது. நல்ல வேலைப்பாடு எந்தத் தேசத்துடையதானாலும் கற்கத் தக்கதே. தங்கள் பழைய கப்பல்களை அவர்கள் போர்ட்ஸ்மத்திலும் கிரீன்விச்சிலும் பேணி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் கையிலும் சிறு வடிவில் கொடுத்திருக்கிறார்கள். அதற்காக அவர்களை மெச்ச வேண்டும். நமது பிள்ளைகளின் கையில் நாம் என்ன கொடுத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

கொடுப்பதற்கு நம்மிடம் ஒன்றும் இல்லாமல் போகவில்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ் மேஸ்திரிகள் வேப்ப மரத்தால் 'அன்னபூரணி' என்ற கப்பலைக் கட்டினார்கள். நீளம் 89 அடி, பாய்மரம் இரண்டு. உலகத்தை ஏற்கெனவே ஒரு சிறு பாய்க்கப்பலில் சுற்றி வந்திருந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்ஸன் என்ற அமெரிக்கர் அதைக் கண்டு ஆசைப்பட்டு விலைக்கு வாங்கினார். தமது மனைவியின் பெயரால் 'புளோரென்ஸ் சி. ராபின்ஸன்' என்று புதுப் பெயரும் சூட்டினார். கனகரத்தினம் தம்பிப்பிள்ளை என்ற தண்டலின் கீழ் வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிச் சென்றார்கள். ஏடன், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் சமுத்திரம், பெர்முடா என்று கடந்து, 1938 ஆகஸ்டு முதல் தேதியன்று அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கிளாஸ்டர் துறைமுகத்தை அடைந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 'கட்டி சார்க்' கப்பல் கடலில் இறக்கப்பட்டது 1869 நவம்பரில். அதே மாதத்தில்தான் சூயஸ் கால்வாயும் திறக்கப்பட்டது. கால்வாய் வழி நீராவிக் கப்பலுக்குச் சௌகரியமானது. செங்கடலின் காற்றோ பாய்க்கப்பலுக்கு இடைஞ்சலானது. ஆகவே தேயிலை வியாபாரம் நாளடைவில் நீராவிக் கப்பல்களின் கைக்குப் போயிற்று. அதற்கு ஏறக்குறைய எழுபது வருஷங்களுக்குப் பிறகு, அந்தச் செங்கடலில் பாய் விரித்துச் சென்று அந்தக் கால்வாயைத் தாண்டிய கப்பல், வேப்பம் பலகையில் கட்டிய நமது 'அன்னபூரணி'! தொண்ணூற்றாறில் ஒரு பங்காகச் செய்தால் 'கட்டி சார்க்'கின் உடல் 26½ அங்குலம் வரும். அதே அளவில் 'அன்னபூரணி' 11 அங்குலத்துக்குச் சற்று அதிகம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு, எந்த மாலுமிகளின் துணிச்சல் பெரிது என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கடல் நமக்குத் தூரமானது, நமக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று திருச்சி ஜில்லாக்காரர்கள் நினைக்க வேண்டாம். புறநானூற்றில் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய முதுகண்ணன் சாத்தனார், பாய்மரத்தையும் மேற்பாயையும் களையாமல், பாரத்தையும் குறைக்காமல், ஆற்றுமுகத்தில் நுழையும் பெரிய கப்பலைப் பற்றிச் சொல்கிறார். அவர் நமது உறையூர்க்காரர். கப்பலின் மேல் எந்தப் பாய் எங்கே இருக்கிறது என்பது அன்று உறையூரில் இருந்த புலவருக்குத் தெரிந்திருந்தது. இன்று உறையூரிலும் துறையூரிலும் கல்லூரிப் படிப்பு முடித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்த வரலாற்றைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். அவை நீராவிக் கப்பல்கள். அதே துறைமுகத்திலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற பாய்மரத் தோணிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. அந்தத் தோணிகளிலும் பிற்காலத்தில் இயந்திரம் ஏறிவிட்டது. அதைக் குறை சொல்வதற்கில்லை. காற்றுக்காகக் காத்திருந்து வியாபாரம் செய்யும் காலம் போய்விட்டது. ஆனால் பாய் இறங்கியபோது அதைச் சேர்ந்த சொற்களும் இறங்கிவிட்டன. அடிமரத்துக்கு ஏரா, விலாச் சட்டங்களுக்கு வங்கு, முன்முனைக்கு அணியம், குறுக்கு மரத்துக்குப் பருமல், பாயின் கயிற்றுக்குத் தாமான் என்று ஒவ்வோர் அவயவத்துக்கும் பெயர் இருந்தது. அகராதியில் இவற்றுள் சில கிடைக்கும். 'கப்பல் சாத்திரம்' என்ற பழைய சுவடி நூல் அச்சிலும் வந்திருக்கிறது. ஆனால் இந்தக் கயிற்றை எந்தக் காற்றில் தளர்த்துவது, எந்தக் காற்றில் இறுக்குவது என்பது ஏட்டில் இல்லை, கையில் இருந்தது. அந்தக் கைகள் இப்போது மிகவும் மூப்படைந்துவிட்டன.

ஆகவே நமது யோசனை இது. பிள்ளைகள் முதலில் பெட்டிக் கப்பலைக் கட்டிக் கை பழகட்டும். இரண்டாவது கப்பலுக்குப் பெட்டி வேண்டாம். ஜான் எடி என்ற ஆங்கிலேயர் 1834-ல் ராயல் ஏஷியாட்டிக் சங்கத்தின் பத்திரிகையில் இந்தியா, இலங்கைக் கப்பல்களைப் பற்றி எழுதியபோது, சோழமண்டலக் கரைத் தோணிக்கு 70 அடி நீளம், 20 அடி அகலம் என்று அளவு கொடுத்திருக்கிறார். அறுபதில் ஒரு பங்காக்கினால் 14 அங்குலம் நீளம், 4 அங்குலம் அகலம். கணக்கும் சுலபம். மரப்பலகைக்கும் மூங்கிலுக்கும் நமது ஊரில் பஞ்சமில்லை. பாய்க்குப் பழைய வேஷ்டித் துண்டு போதும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கங்களில் உறவினர் உள்ளவர்கள், அடுத்த முறை போகும்போது பிள்ளையையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கூட அழைத்துச் செல்லட்டும். தோணியில் போய்ப் பழகிய பெரியவர் யாரேனும் இருந்தால், "தாத்தா, இந்தக் கயிற்றுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? இது என்ன வேலை செய்யும்?" என்று பணிவோடு கேட்டு எழுதி வரட்டும். எழுதி வந்தபடியே நூலைக் கட்டட்டும்.

அந்தத் தோணி மிதக்க வேண்டியதில்லை. பார்வைக்கு 'விக்டரி' போல ஜொலிக்க வேண்டியதுமில்லை. அதிலுள்ள ஒவ்வொரு நூலையும் தொட்டு அதன் தமிழ்ப் பெயரையும் தொழிலையும் பிள்ளை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பள்ளிக்கூடமாவது அப்படிப்பட்ட தோணியொன்றை அடுத்த வருஷக் கண்காட்சியில் வைக்குமானால், நமக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். எவ்வளவு தூரமானாலும் வந்து பார்ப்போம்.