தீயணைக்கத் தயார்தானா?

1897-ல், திருமண வைபவத்தின்போது, மரத்தாலான பழைய மைசூர் அரண்மனையே தீக்கிரையாயிற்று. அரண்மனைக்கே அக்கதி என்றால், அக்ரஹாரத்துச் சந்துகளில் ஒண்டுக்குடித்தனம் நடத்தும் நம்மவர் நிலை என்ன? 2004-ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டதை மறக்க இயலுமா?

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்புப் பணி வாரம். செயல்விளக்கம் பார்த்துக் கைதட்டிக் கலைகிறோம். இது போதாது. வண்டி வந்து சேரும்வரை அண்டை வீட்டாரே துணை. தெருவுக்குப் பத்து இளைஞர்கள் தொண்டர்களாக முன்வரட்டும். தீயணைப்புத் துறை பயிற்சி தரட்டும். அத்துடன் நில்லாது, வாளியில் மணல் இருக்கிறதா, வண்டி நுழைய வழி இருக்கிறதா, ஊருக்குப் புதியவருக்கும் 112 என்ற எண் தெரியுமா என்று மாதந்தோறும் சோதிக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் தீயை அணைக்காது. பழகிய கைகளே அணைக்கும்.