பல்லோடு பிறந்த பிள்ளைக்கும் தாய்ப்பால்தான்

பிறந்த குழந்தையின் வாயில் பல் தெரிந்தால் நம் ஊரில் இரண்டு காரியம் நடக்கிறது. தாய்ப்பாலை நிறுத்துகிறார்கள். பல்லைப் பிடுங்க ஆள் தேடுகிறார்கள். இரண்டும் அவசரம், பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டுமே தேவையில்லை. அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

தென்காசிப் பக்கத்திலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்த ஒரு பெண். குழந்தையின் கீழ் ஈறில் முன்னால் இரண்டு பல், அரிசி முனை அளவுக்கு வெளியே வந்திருந்தது. பெண்ணின் அம்மாவுக்குப் பேரனைவிடத் தன் மகனைப் பற்றித்தான் பயம். “பல்லோடு பிறந்தா தாய்மாமனுக்கு ஆகாது சிஸ்டர், எனக்கு ஒரே பையன். பல்லை எடுத்த பிறகுதான் வீட்டுக்குப் போவோம்” என்று அழுதார். அதுவரை பவுடர் பாலைக் கரைத்துப் பாலாடையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் பால் கட்டி, காய்ச்சல் வரும் நிலை. காம்பில் வெடிப்பும் இருந்தது. பழி முழுவதும் அந்த இரண்டு பல் மேல் விழுந்திருந்தது.

குழந்தையை மார்பில் விட்டுப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. வாயைச் சரியாகத் திறக்காமல் காம்பின் நுனியை மட்டும் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. அப்படிக் குடித்தால் பல்லே இல்லாத பிள்ளையும் காம்பைப் புண்ணாக்கிவிடும். நன்றாகக் கவ்விய குழந்தைக்கு வாய் அகலத் திறந்திருக்கும், கீழ் உதடு வெளிப்பக்கம் மடங்கியிருக்கும், தாடை மார்பில் பதிந்திருக்கும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் கீழ்ப்பகுதி பெரும்பாலும் வாய்க்குள் போயிருக்கும். அந்த நிலையில் நாக்கு முன்னால் நீண்டு கீழ் ஈறை மூடிக்கொள்கிறது. பிறவிப் பற்களில் பெரும்பாலானவை கீழ் ஈறின் நடுவில் வருபவை. ஆகவே தாயின் மார்புக்கும் பல்லுக்கும் நடுவில் நாக்கு நிற்கிறது. பால் இறங்கிக்கொண்டிருக்கும்போது குழந்தை கடிக்க முடியாது என்பதற்கு இதுதான் காரணம். பாலைப் பீய்ச்சிக் கட்டைத் தளர்த்தி, குழந்தையைத் தாயின் வயிற்றோடு அணைத்துப் பிடிக்க வைத்தோம். அன்று சாயங்காலமே வலி குறைந்துவிட்டதாக அந்தப் பெண் சொன்னாள்.

ஆனால் பல் ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்லவில்லை. அது புண்ணாக்கினால் பெரும்பாலும் குழந்தையின் நாக்கைத்தான் புண்ணாக்கும். ஒவ்வொரு முறை குடிக்கும்போதும் நாக்கின் அடிப்பக்கம் கூரான பல் விளிம்பில் உரசுகிறது. அங்கே புண் வரும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதைப் பற்றி எழுதிய இத்தாலிய மருத்துவர்கள் ரிகா, ஃபெடே ஆகியோரின் பெயரால் ரிகா-ஃபெடே நோய் என்பார்கள். பசியோடு மார்புக்கு வரும் குழந்தை இரண்டு இழுப்பில் விட்டுவிட்டு வீறிடும்; மறுபடி கவ்வும், மறுபடி அழும். பாட்டிமார் இதைப் ‘பால் பிடிக்கவில்லை’ என்று சொல்லிப் புட்டிக்குப் போய்விடுகிறார்கள். நாக்கைத் தூக்கி அடியில் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. குடிக்க முடியாத குழந்தை எடை போடாது. சிறுநீர் போவது குறையும்.

இதற்கும் பல்லைப் பிடுங்குவது முதல் வைத்தியம் இல்லை. கூரான விளிம்பைப் பல் மருத்துவர் தேய்த்து மழுக்கலாம். பல் நிறப் பசையை வைத்து மூடலாம். உரசல் நின்றால் புண் ஆறும். பிறவிப் பற்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கூடுதலாக முளைத்தவை இல்லை. ஆறு மாத வாக்கில் வரவேண்டிய அதே பால்பற்கள் முன்னதாக வந்தவை. பிடுங்கிவிட்டால் நிலைப்பல் வரும் ஆறேழு வயது வரை அந்த இடம் காலிதான்.

பிடுங்கியே ஆகவேண்டிய பல்லும் உண்டு. வேர் உருவாகாததால் சில பற்கள் ஈறில் தொங்கிக்கொண்டு ஆடும். கழன்று மூச்சுக்குழாயில் போய்விடுமோ என்ற அச்சம் அங்கே நியாயமானது. அப்போதும் அது மருத்துவமனையில் நடக்க வேண்டிய வேலை. பிறந்த குழந்தைக்கு ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே போதிய அளவு இருக்காது. அதற்காகத்தான் பிறந்தவுடன் தொடையில் ஊசி போடுகிறோம். ஊசி போட்டதா என்று கேட்காமல், முடிந்தால் பத்து நாள் கடக்காமல், விவரமறிந்த பல் மருத்துவர் யாரும் கை வைப்பதில்லை. வீட்டில் நூலைக் கட்டி இழுத்து, ஈறிலிருந்து ரத்தம் நிற்காமல் துணியில் சுற்றித் தூக்கிவந்த குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை யாரும் செய்யாதீர்கள்.

இன்னொன்று. ஈறில் வெள்ளையாக, முத்துப்போல் தெரிவதெல்லாம் பல் இல்லை. பச்சிளம் குழந்தைகளின் ஈறிலும் மேலண்ணத்திலும் சிறு வெள்ளைக் கட்டிகள் வருவது சகஜம். சில வாரங்களில் தானாக மறைந்துவிடும். அதைக் கீறிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். உண்மையான பிறவிப் பல் இரண்டாயிரம் மூவாயிரம் பிரசவத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் வரும். மிகச் சில குழந்தைகளுக்கு அது வேறு பிறவி நோயின் அடையாளமாக இருக்கலாம் என்பதால் குழந்தை மருத்துவர் ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட வேண்டும்.

மாமனுக்கு ஆகாது என்ற பேச்சுக்கு வருகிறேன். 1638இல் பிறந்த பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி இரண்டு பல்லோடுதான் பிறந்தார். 70 ஆண்டுக்கு மேல் அரசாண்டார். முளைக்கும் பல்லுக்கு யார் தலைவிதியும் தெரியாது. அந்த அம்மாவிடம் நான் சொன்னதும் இதுதான்: “அஞ்சாறு மாசத்துல வரவேண்டியது முந்தி வந்திருக்கு, அவ்வளவுதாம்மா. உங்க பையனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” அவர் முழுதாக நம்பினாரா தெரியாது. மகளைப் பால் கொடுக்க விட்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பயத்தைவிட எனக்குப் பெரிய கவலை, கேட்க ஆளில்லாமல் போவதுதான். பிரசவமான தாயை மூன்றாம் நாள் அனுப்பிவிடுகிறோம். நாக்குப் புண் அதற்குப் பிறகே வருகிறது. 2013இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி பிறந்த குழந்தைக்குப் பிளவு அண்ணம் இருக்கிறதா என்று வாயைத் திறந்து பார்க்கிறோம். அதே நேரத்தில் ஈறையும் விரலால் தடவிப் பார்த்துச் சீட்டில் எழுதிவிடலாம். பல் இருந்தால் வீட்டுக்கு அனுப்பும் முன் பல் மருத்துவரிடம் காட்டி, மறுவாரம் வரச்சொல்ல வேண்டும். வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியர் எடை பார்ப்பதோடு நிற்காமல், குழந்தை குடிப்பதையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். புதிதாக எந்தக் கருவியும் இதற்கு வாங்க வேண்டியதில்லை.

பிள்ளை பெற்ற வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: குழந்தையின் வாயில் பல்லைக் கண்டால் பாலை நிறுத்தாதீர்கள். நாக்கின் அடியைப் பாருங்கள், பல் ஆடுகிறதா என்று பாருங்கள், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். போகும் வழியிலும் பசித்தால் பால் கொடுங்கள்.