மூஸ் வேட்டை: பர்மிட் கிடைச்சா போதுமா? கறியை யார் சுமப்பது?

அலாஸ்காவுக்கு மூஸ் வேட்டைக்குக் கிளம்பும் வெளிமாநிலத்துக்காரர் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் யோசிப்பார். எந்தப் பகுதியில் அனுமதி கிடைக்கும்? கொம்பு எவ்வளவு பெரிசா இருக்கும்? ஆனா, முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சுட்ட பிறகு கறி முழுவதும் காட்டை விட்டு எப்படி வெளியே வரும்?

விண்ணப்பம் எப்படி?

இரண்டு வழி உண்டு. பொது சீசன் உள்ள பகுதிகளில் உரிமமும் டேகும் வாங்கிக்கொண்டு போகலாம். கட்டுப்பாடு அதிகமுள்ள பகுதிகளுக்குக் குலுக்கல். நவம்பர், டிசம்பரில் விண்ணப்பித்தால் பிப்ரவரியில் முடிவு தெரியும்.

வேறு மாநிலத்து அமெரிக்கருக்கு உரிமம் 160 டாலர், மூஸ் டேக் 800 டாலர். உள்ளூர்க்காரருக்கு மூஸ் டேக் கட்டணமே இல்லை. வெளிநாட்டில் வசிக்கும் வெளிநாட்டவர் என்றால் உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம். வேறு மாநிலத்து அமெரிக்கருக்கு மூஸ் வேட்டையில் அந்தக் கட்டாயம் கிடையாது.

பல பகுதிகளில் வெளியூர்க்காரர் சுடும் ஆண் மூஸின் கொம்பு 50 அங்குல அகலமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் நெற்றிப் பக்கக் கிளைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருக்க வேண்டும். சிறு விமானத்தில் போய் இறங்கிய அன்றே சுடக் கூடாது. மறுநாள் அதிகாலை 3 மணி தாண்டணும்.

சுட்ட பிறகு?

மான் இனத்திலேயே பெரியது மூஸ். 1,600 பவுண்டு எடையுள்ள மூஸில் சுமார் 500 பவுண்டு, அதாவது 225 கிலோ கறி கிடைக்கும் என்கிறது அலாஸ்கா மீன், வனவிலங்குத் துறை.

ஒரு நடைக்கு 30 கிலோ என்று வைத்தாலும் எட்டு நடை. படகோ விமானமோ நிற்கும் இடம் 3 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், சுமையோடும் வெறுங்கையோடும் சேர்த்து 45 கிலோமீட்டர் நடக்கணும். அதுவும் கால் புதையும் சதுப்பு நிலத்தில். சில பகுதிகளில் கறியை எலும்போடுதான் கொண்டுவர வேண்டும் என்பதால் எடை இன்னும் கூடும்.

கழுத்து, நெஞ்சு, விலா, முன்கால், பின்கால், முதுகுப்பகுதி என உண்ணத்தக்க கறி எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். வீணாக்கினால் சிறைவரை போகும் குற்றம். கொம்பு, கறியின் கடைசி நடையோடு வரலாம், அல்லது அதற்குப் பிறகு. முதலில் வரக் கூடாது.

இது அதிகப்படியா?

ஆயிரம் டாலருக்குப் பக்கமாக அரசுக்கே கட்டி, விமானத்துக்குத் தனியாகச் செலவழித்து வருபவரை இப்படி வதைக்கணுமா என்று கேட்கலாம். ஆனா, அலாஸ்காவில் சாலையே இல்லாத கிராமங்கள் ஏராளம். அங்கே மளிகைச் சாமான் விமானத்திலோ படகிலோ வருகிறது, விலையும் அதிகம். அந்த வீடுகளுக்கு ஒரு மூஸ் என்பது குளிர்காலம் முழுக்கச் சாப்பாடு. தங்கள் ஆற்றங்கரையில் கறி அழுகிக் கிடக்க, கொம்பு மட்டும் விமானம் ஏறினால் அவர்களுக்குக் கோபம் வராதா?

ஊருக்குக் கொண்டுபோக முடியாத கறியை, உரிய படிவம் நிரப்பி உள்ளூர்க்காரருக்குக் கொடுக்க சட்டம் இடம் தருகிறது. நல்ல வழிதான். ஆனா, பையில் அடைத்து வெயிலில் வைத்த கறியைக் கொடுப்பது தானமாகாது. காற்றோட்டமான துணிப்பையில் போட்டு, நிழலில் தொங்கவிட்டு, நனையாமல், சூடேறாமல் காக்க வேண்டும். செப்டம்பர் மாதப் பகல் சில நாள் எதிர்பாராமல் சூடாகிவிடும்.

சில பகுதிகளில் வெளியூர் வேட்டைக்காரர்கள் கொம்பை அளப்பது, கறியைப் பேணுவது பற்றி முன்கூட்டியே பயிற்சி பெற வேண்டும். அதை மாநிலம் முழுக்கக் கட்டாயமாக்குவதே நியாயம். டேக் வாங்கும்போதே கறி எப்படி வெளியே வரும் என்று எழுதித் தரவும் சொல்லலாம்.

அதுவரை, போகிறவரே ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். எத்தனை பேர், எத்தனை நடை, விமானம் எத்தனை முறை வரும்? பதில் இல்லையென்றால், எவ்வளவு பெரிய கொம்பு எதிரில் நின்றாலும் சுடாமல் திரும்புவதே சரி.