காமிராவும் கதவும் யார் கையில்?

சமீபத்தில் ஒரு நகரத்துப் பெண்கள் விடுதியின் கமிட்டியைச் சேர்ந்த நண்பர்கள் இருவர் நம்மைக் காண வந்தார்கள். விடுதிக்குக் காமிராக்களும், அட்டையைக் காட்டினால் திறக்கும் கதவுகளும் வைத்து, இரண்டையும் ஒரே ஏற்பாடாக இணைக்கப் போவதாயும், திட்டம் தயாராகி விட்டதாயும், நமது அபிப்பிராயம் வேண்டும் என்றும் சொன்னார்கள். நாம் இன்ஜினீயர் அல்ல. பள்ளிக்கூடத்துப் படிப்பும் நமக்கு அதிகமில்லை. தெரிந்தவர்களைக் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் அறிந்து கொண்டதுதான். ஆனால் அந்தக் காகிதத்தைப் பார்த்தவுடன் நமக்குத் தோன்றிய கேள்விகளுக்கு எந்தப் பட்டமும் அவசியமில்லை என்று கண்டதால் இதை எழுதுகிறோம்.

இரண்டையும் இணைப்பது நல்ல யோசனைதான். கதவுக்கு அட்டை தெரியும், ஆள் தெரியாது. ஒருத்தியின் அட்டையை இன்னொருத்தி வாங்கிக் கொண்டு வந்தாலும், ஒருத்தி திறந்த கதவில் நாலு பேர் நுழைந்தாலும், கதவின் கணக்கில் ஒரு பெயர்தான் விழும். காமிராவுக்கு முகம் தெரியும், பெயர் தெரியாது. இரண்டும் சேர்ந்தால்தான் இன்ன நேரத்தில் இன்னார் வந்தார் என்பதற்கு ஒரு சாட்சி உண்டாகும். இதில் நமக்கு ஆட்சேபணை இல்லை.

நிற்க, 24 காமிராக்கள் எங்கெங்கே என்று பார்த்தோம். வாசல், நடை, மாடிப்படி, சாப்பாட்டுக் கூடம், சமையலறை, துணி உலர்த்தும் மொட்டை மாடி. காரியதரிசியின் அறைக்கு இல்லை. பணப்பெட்டி இருக்கும் அறைக்கு இல்லை. அரிசி, பருப்பு வைக்கும் சாமான் அறைக்கும் இல்லை. ஏன் என்று கேட்டோம். "அங்கெல்லாம் நம்மவர்கள்தானே புழங்குகிறார்கள்" என்று பதில் வந்தது. அப்படியானால் சமையற்காரியும், கூட்டிப் பெருக்கும் அம்மாளும், மாதாமாதம் பணம் கட்டித் தங்கியிருக்கும் பெண்களும் யாரவர்கள் என்று கேட்கின்றோம். திருட்டு என்பது சம்பளம் குறைந்தவர்களுக்கு மாத்திரமே வரக்கூடிய வியாதியா? பெண்கள் துணி உலர்த்தும் இடத்தைப் பார்க்க ஒரு கண்ணும், பணம் இருக்கும் இடத்தைப் பார்க்கக் கண்ணே இல்லாமலும் ஒரு திட்டம் தயாராகுமானால், தயாரித்தவர்கள் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்து தயாரித்தார்கள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

காமிராவை மாட்டிவிட்டால் காரியம் முடிந்து விட்டதாக நம் ஜனங்கள் நினைக்கிறார்கள். புது வீட்டின் முன்னால் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டுகிறவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? கடவுள் பார்த்துக் கொண்டிருக்கிறார் என்று உபதேசம் செய்யும் இடங்களிலேயே உண்டியலைப் பார்க்கக் காமிரா வைத்திருக்கிறார்கள். அந்த மட்டில் அவர்களுக்கு அறிவு வந்ததற்குச் சந்தோஷந்தான். ஆனால் காமிராவும் தானாக ஒன்றையும் தடுத்துவிடாது. அது எழுதி வைக்கும், அவ்வளவுதான். எழுதியதை எத்தனை நாள் வைத்திருப்பது, யார் படிப்பது, யார் அழிப்பது என்பவைதான் விஷயம். அந்தத் திட்டத்தில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

2020 ஜூன் மாதம் தூத்துக்குடி ஜில்லா சாத்தான்குளத்தில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு போகப்பட்ட தகப்பனும் மகனும், பிறகு கோவில்பட்டி ஜெயிலில் அடைக்கப்பட்டு, ஒருவர்பின் ஒருவராய் ஆஸ்பத்திரியில் செத்தார்கள். அந்த ஸ்டேஷனில் காமிரா இருந்தது. ஐகோர்ட்டு மதுரைக் கிளையின் உத்தரவின்மேல் விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், படம் சேரும் பெட்டியில் 1 டெராபைட் இடம் இருந்தும், அன்றன்றைய படம் அன்றன்றே தானாக அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்தது என்று ரிப்போர்ட் செய்தார். அதாவது கண் இருந்தது. கண்ட இரண்டு உயிர்களின் கதை இல்லை. அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த ஒரு பெண் ஏட்டு துணிந்து கொடுத்த வாக்குமூலந்தான் உண்மை வெளிவருவதற்கு உதவியது. பயந்து நடுங்கிக் கொண்டு சாட்சி சொன்ன ஒரு மனுஷிக்கு இருந்த யோக்கியதை அங்கிருந்த இயந்திரங்கள் அத்தனைக்கும் இல்லாமல் போயிற்று. காரணம், இயந்திரத்தின் சாவி யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவர்களிடமே இருந்ததுதான்.

அதே வருஷம் டிசம்பர் 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, நாட்டிலுள்ள ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் வாசல், லாக்கப், நடை, இன்ஸ்பெக்டர் அறை முதலிய இடங்களில் இரவிலும் தெரியக்கூடிய, பேச்சும் பதியக்கூடிய காமிரா வேண்டும் என்றும், பதிவு 18 மாதம், முடியாவிட்டால் ஒரு வருஷமாவது இருக்க வேண்டும் என்றும், மேற்பார்வைக்கு மாகாணத்திலும் ஜில்லாவிலும் கமிட்டிகள் வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஆனால் 2025 செப்டம்பரில், ராஜஸ்தானத்தில் சில மாதங்களுக்குள் போலீஸ் காவலில் 11 பேர் இறந்ததாகப் பத்திரிகையில் வந்ததைப் பார்த்து, அதே கோர்ட்டு மறுபடியும் தானாகவே விஷயத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

விடுதியின் கணக்குக்கு வருவோம். படங்களை 30 நாள் வைத்திருப்போம் என்று வாயால் சொன்னார்கள். வாங்கப் போகும் பெட்டியோ 4 டெராபைட். ஒரு காமிரா வினாடிக்கு 4 மெகாபிட் வீதம் அனுப்பினால் நாளொன்றுக்குச் சுமார் 43 கிகாபைட் ஆகும். 24 காமிராவுக்கு ஒரு நாளைக்கே ஒரு டெராபைட்டுக்குச் சற்று மேல். பெட்டி நாலு நாள் கூடத் தாங்காது. ஐந்தாம் நாள் வந்து நகை காணோம் என்று ஒரு பெண் அழுதால் அவளுக்கு எதைக் காட்டுவார்கள்? ஆளில்லாத நேரத்தில் பதியாமல் விட்டும், படத்தைச் சுருக்கியும் இதைக் கொஞ்சம் நீட்டலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துச் செய்ய வேண்டும். சாமான் வாங்கிக் கொடுப்பவன் சொன்னான் என்பது கணக்காகாது.

கடிகாரம் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். கதவின் கடிகாரமும் காமிராவின் கடிகாரமும் ஏழு நிமிஷம் வித்தியாசப்பட்டால், கூட்டிப் பெருக்க வந்த அம்மாள் போன பிறகு நடந்த திருட்டு அவள் உள்ளே இருந்தபோது நடந்ததாக ஆகிவிடும். அவளுக்காக வக்கீல் வைக்க யார் இருக்கிறார்கள்?

ரகசியச் சொல் விஷயமும் அப்படியே. கம்பெனியில் செய்யும்போது வைத்த சொல்லையே மாற்றாமல் விட்ட காமிராக்களையும் அது போன்ற கருவிகளையும் 2016-ல் "மிராய்" என்ற ஒரு திருட்டு நிரல் லட்சக்கணக்கில் வசப்படுத்தியது. அந்தப் படையைக் கொண்டு அக்டோபர் 21-ந் தேதி அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்களைத் திறக்க முடியாமல் செய்தார்கள். நம் நாட்டில் நடந்தது இதைவிட வெட்கக்கேடு. குஜராத்தில் ராஜ்கோட் நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் பெண்களைப் பரிசோதிக்கும் அறையின் படங்கள் வெளியே போய், விலைக்கு விற்கப்பட்டது 2025 பிப்ரவரியில் தெரிய வந்தது. திருடினவன் அயோக்கியன், சந்தேகமில்லை. ஆனால் அந்த அறைக்குள் காமிரா எதற்கு என்று திட்டம் போட்ட அன்றைக்கு ஒருவராவது கேட்டிருந்தால், திருடுவதற்கே ஒன்றும் இருந்திராது. அதனால்தான் மொட்டை மாடிக் காமிராவை எடுத்துவிடச் சொன்னோம்.

கடைசியாகக் கதவு. இரவு 9 மணிக்கு மேல் எந்த அட்டைக்கும் கதவு திறக்காதாம். விடுதி நிர்வாகி அம்மாளிடம் உள்ள அட்டைக்குத்தான் திறக்குமாம். உள்ளேயிருந்து வெளியே வருவதற்கும் அதே சட்டமாம்! 1911 மார்ச் 25-ந் தேதி நியூயார்க் நகரத்து டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது ஒரு பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகும் பெண்களின் பைகளைச் சோதிப்பதற்காக அவர்களை ஒரே வழியாக வெளியே விடுவது அங்கே வழக்கம். துணித் துண்டு திருட்டுப் போகாமல் இருக்கத்தான் பூட்டு. 146 பேர் மாண்டார்கள்; பெரும்பாலோர் இளம் பெண்கள். முதலாளிகள் இருவரும் கோர்ட்டில் விடுதலையானார்கள்.

இன்றைக்குப் பூட்டிலேயே இரண்டு தினுசு உண்டு. காந்தப் பூட்டு மின்சாரம் உள்ளவரையில்தான் பிடித்துக் கொள்ளும். மின்சாரம் போனால் விட்டுவிடும். மற்றொரு தினுசு மின்சாரம் போனாலும் பூட்டியே நிற்கும். பணப்பெட்டி அறைக்கு இரண்டாவது இருக்கட்டும். மனிதர்கள் தூங்கும் இடத்தின் வழிக்கு முதலாவதுதான் வேண்டும். அதைத் தீ மணியோடு இணைக்க வேண்டும். உள்ளேயிருந்து அட்டையில்லாமல் கையால் திறக்க வழி வேண்டும். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் காமிராவில் பிடியுங்கள், இதில் பிடிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினோம்.

இன்னும் சில கேட்டிருக்கிறோம். காரியதரிசி அறைக்கும், பணப்பெட்டிக்கும், சாமான் அறைக்கும் காமிரா வேண்டும். பதிவைத் திறக்க இரண்டு பேருடைய ரகசியச் சொல் சேர வேண்டும். அந்த இருவரில் ஒருவர் விடுதியில் தங்கியிருக்கும் பெண்கள் தாங்களே தேர்ந்தெடுத்தவராயிருக்க வேண்டும். எவர் எப்போது பார்த்தார், எவர் எதை அழித்தார் என்பதும் தானாகவே பதிவாக வேண்டும். பெருக்கும் அம்மாளுக்கும் மற்றவர்களைப் போல அட்டை கொடுக்க வேண்டும். அவளுக்கு மாத்திரம் பைச் சோதனையும் கைரேகைப் புஸ்தகமும் கூடாது.

பூட்டையும் கடிகாரத்தையும் கமிட்டியார் உடனே ஒப்புக்கொண்டார்கள். பெட்டியைப் பெரிதாக வாங்கவும் சம்மதம். மொட்டை மாடிக் காமிராவையும் எடுத்து விடுகிறார்களாம். காரியதரிசி அறைக் காமிராவைப் பற்றியும், இரண்டாவது ரகசியச் சொல்லைப் பற்றியும் மட்டும் அடுத்த கூட்டத்தில் யோசிப்பதாய்ச் சொல்லி விட்டுப் போயிருக்கிறார்கள். யோசித்து என்ன முடிவு செய்தார்கள் என்பதைப் பின்னால் எழுதுவோம்.