தேடிக் கொடுக்க ஓர் ஆள்

2025 ஜூலை 11 அன்று செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமானது. மராட்டியர் காலத்து ராணுவ அரண்கள் என்று 12 கோட்டைகளை ஒரே தொகுப்பாக யுனெஸ்கோ அறிவித்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டுமே. அந்த அறிவிப்புக்காக இந்தியா அளித்த முன்மொழிவு ஆவணம் யுனெஸ்கோவின் தளத்தில் இருக்கிறது. வரைபடம், கட்டட விவரம், வரலாறு எல்லாம் அதில் உண்டு. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம்.

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில், கோட்டைக்குக் கிழக்கே இருக்கும் ஊர் மேல்சித்தாமூர். அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்குச் ‘செஞ்சிக் கோட்டை’ என்று செயல்திட்டம் கொடுத்தால், இந்த ஆவணம் அவள் கைக்கு வந்து சேருமா? வராது. ஜெராக்ஸ் கடைக்காரர் கூகுளில் முதலில் வந்த பக்கத்தை அச்செடுத்துக் கொடுப்பார். படத்தை வெட்டிச் சார்ட் அட்டையில் ஒட்டி, ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பூ வரைந்து கொண்டுபோனால் மதிப்பெண் கிடைத்துவிடும். அவளைக் குறை சொல்ல முடியாது. கடைக்காரரையும்தான். அவளுக்குத் தேடிக் கொடுக்க வேண்டியவர் பள்ளியில் இல்லாததால் அந்த வேலை கடைக்காரரிடம் போயிருக்கிறது.

கருவிகளுக்குக் குறைவில்லை. தமிழ்நாட்டில் சுமார் 6,000 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் க்யூஆர் கோடு அச்சிட்டார்கள். இணையச் செயல்பாடு என்று தனிக் கட்டமும் வைத்தார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் 2017இல் தொடங்கியது. பழைய பதிப்புகளும் இதழ்களும் அங்கே படியெடுக்கப்பட்டுக் கிடக்கின்றன. சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு கு.கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், 2005இல் ஈழத் தமிழர் தொடங்கிய நூலகம் இணையதளம், ஐஐடி கரக்பூர் நடத்தும் தேசிய மின்னூலகம் என்று வரிசை நீளும். எல்லாமே இலவசம்.

இவற்றுக்கும் வகுப்பறைக்கும் நடுவில் ஆள் இல்லை என்பதுதான் சிக்கல். பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நூலகர் என்று தனிப் பணியிடம் கிடையாது. யாராவது ஓர் ஆசிரியரிடம் அலமாரிச் சாவி இருக்கும். தமிழாசிரியரிடமோ உடற்கல்வி ஆசிரியரிடமோ அது இருப்பது அந்தப் பள்ளியின் வசதியைப் பொறுத்தது. நூலகப் பாடவேளை கால அட்டவணையில் இருக்கிறது. தேர்வு நெருங்கினால் கணக்குப் பாடம் அதை விழுங்கிவிடும். ஆசிரியர்களுக்குக் கணினிப் பயிற்சி தரப்படுவதில்லை என்று சொல்ல முடியாது. தந்த பயிற்சியில் பெரும்பகுதி கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுவதற்கும், ஆயத்தக் காணொளியைத் திரையில் ஓட்டுவதற்கும் உரியது. இரண்டிலும் ஆசிரியர் எதையும் தேட வேண்டியதில்லை. ஒன்றில் மேலே அனுப்புகிறார். இன்னொன்றில் மேலிருந்து வருவதை வாங்கிக் காட்டுகிறார்.

தேடுவது என்றால் என்ன என்பதற்கு மேல்சித்தாமூரையே எடுத்துக்கொள்வோம். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் அங்கே இருக்கிறது. பார்சுவநாதர் கோயிலும், பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்ட மலைநாதர் கோயிலும் இருக்கின்றன. மடத்தில் ஓலைச்சுவடிகளும் உண்டு. இந்த ஊரைப் பற்றி ஒரு மாணவர் எழுத வேண்டும். ‘மேல்சித்தாமூர்’ என்று தட்டினால் கிடைப்பது கொஞ்சம். ‘மேல் சித்தாமூர்’ என்று இடம் விட்டுத் தட்டினால் வேறு சில. ‘சிற்றாமூர்’ என்றால் கல்வெட்டு சார்ந்த கட்டுரைகள் எட்டிப்பார்க்கும். வெள்ளைக்காரன் காலத்து ஆவணங்களுக்குள் நுழைய வேண்டுமானால் ஆங்கிலத்தில் ‘சித்தாமூர்’ என்பதை எஸ்ஸில் தொடங்கியும் சிஎச்சில் தொடங்கியும், டி ஒன்று இரண்டு என்று மாற்றியும் போட்டுப் பார்க்க வேண்டும். இது தெரியாதவர் முதல் தேடலிலேயே “இதைப் பற்றி ஒன்றும் இல்லை சார்” என்று திரும்பிவிடுவார்.

வட்டார வழக்கும் இப்படிக் காலை வாரும். இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். மல்லாட்டை என்று தேடினால் வேளாண் பல்கலைக்கழகத்தின் தளம் கண்ணில் படாது. நிலக்கடலை என்று தேட வேண்டும். தேடினால், திண்டிவனத்தில் இருக்கும் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களின் பெயரில் வரும் ‘டிஎம்வி’ திண்டிவனத்தைக் குறிப்பது என்று பிள்ளைக்குத் தெரியவரும். அப்பா விதைக்கும் கடலையில் தன் ஊர்ப்பக்கத்துப் பெயர் இருப்பது தெரிந்த பிறகு அந்தச் செயல்திட்டத்தை அவன் ஜெராக்ஸ் கடையில் செய்ய மாட்டான்.

இன்னொரு வலை புள்ளிவிவரத்தில் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் தென்னாற்காட்டிலிருந்து 1993இல் பிரிந்தது. 2019இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. ஆகவே 2011 மக்கள்தொகைக் கணக்கில் ‘விழுப்புரம்’ என்று இருப்பது இன்றைய விழுப்புரம் அல்ல. 1981 கணக்கில் அந்தப் பெயரில் மாவட்டமே இல்லை. இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாவட்டத்தில் மக்கள்தொகை குறைந்துவிட்டது என்று எழுதும் மாணவர் கணக்கில் தப்புச் செய்யவில்லை. எந்த எல்லைக்குரிய எண் என்று கேட்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு தேசிங்கு ராஜா. இந்தப் பகுதியில் அவரைத் தெரியாத பிள்ளை கிடையாது. கூத்தில் பார்த்திருக்கும், பாட்டி சொல்லக் கேட்டிருக்கும், இப்போது யூடியூபில் பார்க்கும். பெரிய எழுத்துப் புத்தகமாக வந்த கதைப்பாடல் ஒரு தேசிங்கைக் காட்டுகிறது. டபிள்யூ. பிரான்சிஸ் 1906இல் எழுதிய தென்னாற்காடு மாவட்ட கெசட்டியரில் கலெக்டர் அலுவலகத்துக்கு வேண்டிய அளவில் செஞ்சியின் வரலாறு இருக்கிறது. சி.எஸ்.சீனிவாசாச்சாரி எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாறு, பாரசீக ஆவணங்களையும் கம்பெனிக் குறிப்புகளையும் வைத்துப் பேசுகிறது. தேஜ்சிங் என்ற புந்தேல ராஜபுத்திர இளைஞன் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துச் சில மாதங்களே செஞ்சியை வைத்திருந்து 1714இல் போரில் மாண்டான் என்பது அதில் கிடைக்கும் சேதி. கெசட்டியரையும் சீனிவாசாச்சாரியையும் இன்டர்நெட் ஆர்க்கைவில் படிக்கலாம். கதைப்பாடல் பதிப்புகளைத் தமிழ் மின்னூலகங்களில் தேடலாம்.

இவற்றை ஒரே மேசையில் திறந்துவைத்து, இதை எழுதியவர் யார், எப்போது, யாருக்காக என்று கேட்க வைத்தால் அது ஆராய்ச்சிக்கு அரிச்சுவடி. கதைப்பாடலைப் பொய் என்று தள்ளுவதற்காக இதைச் செய்யக் கூடாது. சில மாதம் ஆண்டு செத்துப்போன ஓர் இளைஞனை இந்த மண் ஏன் முந்நூறு ஆண்டுகளாக விடாமல் பாடுகிறது என்ற கேள்விக்கு விடை கெசட்டியரில் கிடைக்காது. தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறியதால் நெகிழ்ந்த நவாப் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயரை வைத்தார் என்று இணையத்தில் நூறு இடத்தில் எழுதியிருக்கிறார்கள். நூறு இடமும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதா, தனித்தனிச் சான்றா? இந்தக் கேள்வியை ஒரு பிள்ளை ஒருமுறை கேட்டுவிட்டால், வாட்ஸ்அப்பில் வரும் மற்ற வரலாறுகளையும் அதே கண்ணால்தான் பார்க்கும்.

பட்டம் பெற்றவர்களுக்கே இது தானாக வருவதில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் செய்த ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற 10 பேர், இளங்கலை மாணவர் 25 பேர், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர் 10 பேர் ஆகியோரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து நம்பகமானவையா என்று சொல்லச் சொன்னார்கள். முனைவர்களில் பலரும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே நின்று, முகப்பையும் அழகையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தில் நிற்கவே இல்லை. உடனே வேறு ஜன்னல்களைத் திறந்து, இதை நடத்துபவர் யார் என்று வெளியே விசாரித்தார்கள். கிராமத்தில் பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டில் கேட்பதைவிடப் பக்கத்து வீட்டில் கேட்பார்களே, அதேதான். படிப்பு வேறு, இந்தப் பழக்கம் வேறு. பழக்கம் என்பதால் பயிற்சியில் வரும்.

தமிழுக்கே உரிய தொல்லைகளும் சில உண்டு. மின்னூலகத்தில் இருக்கும் பழைய நூல்களில் பெரும்பாலானவை பக்கங்களின் படங்கள்தான். உள்ளே இருக்கும் சொல்லை அப்படியே தேட முடியாது. நூல் பெயர், ஆசிரியர் பெயர் வழியாகத்தான் போக வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ‘லை’, ‘னை’ எழுத்துகளைக் கணினி தடுமாறித்தான் படிக்கும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் யூனிகோடில் தேடுபவருக்கு அகப்படா. இதையெல்லாம் ஒருவர் ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனியாக முட்டிக்கொண்டு, நமக்குக் கம்ப்யூட்டர் வராது என்று ஒதுங்குகிறார்.

இனி இதெல்லாம் எதற்கு, செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் சொல்லிவிடுமே என்று ஒரு வாதம் வரும். சொல்லும். இல்லாத புத்தகத்துக்குப் பக்க எண்ணும் சேர்த்துச் சொல்லும். சின்ன ஊர், சின்னச் சமூகம், தமிழில் மட்டும் எழுதப்பட்ட சேதி என்று போகப் போக அதன் தடுமாற்றம் கூடும். செஞ்சி பற்றி ஓரளவு சரியாகச் சொல்கிற கருவி மேல்சித்தாமூர் பற்றிக் கற்பனை செய்யக்கூடும். மூலநூலைத் திறந்து பார்த்துச் சரிபார்க்கத் தெரிந்த ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் அந்தக் கருவியும் உபயோகப்படும்.

ஒன்றிய அரசு 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. பள்ளிகள் அதில் இல்லை. அதற்காக நான் கொடி பிடிக்கப் போவதில்லை. மேல்சித்தாமூர்ப் பிள்ளைக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே சந்தா இல்லாமல் கிடக்கிறது. ஆனால் அந்தத் தொகையைப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. படிப்பதற்கு உரியதை வாங்க இவ்வளவு தாராளம் இருக்கிறதென்றால், படிக்கக் காட்டித் தருபவருக்கு ஏன் ஒரு பணியிடம்கூட இல்லை?

விடுதலை பெற்ற இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதனின் உழைப்பில் 1948இல் வந்த சட்டம் அது. அதன் வழி இன்றும் சொத்து வரியில் நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் நூலக வரியாக வசூலாகிறது. ஊர்ப்புற நூலகம், கிளை நூலகம், மாவட்ட மைய நூலகம் என்று ஓர் அமைப்பு ஓடுகிறது. பள்ளிக் கல்வித் துறையின் கீழ்தான் பொது நூலக இயக்ககமும் இருக்கிறது. ஒரே துறையின் இரண்டு கிளைகள். ஒன்றில் நூலகவியல் படித்தவர் இருக்கிறார், இன்னொன்றில் தேடத் தெரியாமல் தவிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் நூலகரை நியமியுங்கள் என்று கேட்டால் நிதித் துறை கோப்பை மூடிவிடும். ஒன்றியத்துக்கு ஒருவர் என்று தொடங்கலாம். வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர்கள் இருப்பதைப் போல, அங்கேயே ஒரு நூலகர். வாரத்தில் நான்கு நாள் பள்ளி பள்ளியாகப் போவார். ஒரு நாள் ஆசிரியர்கள் அனுப்பும் கேள்விகளுக்குத் தேடிக் கொடுப்பார். எமிஸ் வேலையை அவர் தலையில் கட்டக் கூடாது என்பதை நியமன ஆணையிலேயே எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டாம் மாதமே கட்டிவிடுவார்கள்.

ஆளை நம்பிப் போட்ட திட்டத்துக்கு இந்த மாவட்டத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. பெருந்தொற்றுக்குப் பிறகு பிள்ளைகளின் கற்றல் இழப்பை ஈடுகட்ட வந்த இல்லம் தேடிக் கல்வி, 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. கருவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்காமல், தெருவுக்குத் தன்னார்வலரை அனுப்பினார்கள்.

பயிற்சியை எப்படி நடத்துவது? இணைய முகவரிகளை வரிசையாகப் போட்டு பவர்பாயின்ட் காட்டுவதை முதலில் நிறுத்த வேண்டும். அந்தப் பட்டியல் மறுநாள் யார் கைப்பையிலும் இருக்காது. காலாண்டு விடுமுறைக்கு முந்திய வாரத்தில் திண்டிவனம் கிளை நூலகத்தில் இரண்டு நாள் உட்காரலாம். வரும் ஒவ்வோர் ஆசிரியரும் தன் ஊரைப் பற்றித் தனக்கு விடை தெரியாத ஒரு கேள்வியோடு வர வேண்டும். செஞ்சிக்குப் பக்கத்துத் திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சமணத் துறவி சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு இருக்கிறது. தமிழ்க் கல்வெட்டுகளில் ‘ஐ’ எழுத்து முதன்முதலாகத் தென்படுவது அதில்தான் என்று கல்வெட்டறிஞர்கள் சொல்கிறார்கள். அதன் வாசகம் எந்த நூலில் அச்சாகியிருக்கிறது? 1750இல் பிரெஞ்சுக்காரர் செஞ்சியைப் பிடித்தபோது ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் என்ன எழுதினார்? 1887இல் உ.வே.சா. பதிப்பித்த சீவக சிந்தாமணியின் முகவுரையில் எந்தெந்தச் சமணர்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்? இரண்டு நாள் முடிவில் விடையை நூல் பெயர், ஆண்டு, பக்க எண்ணோடு எழுதித் தர வேண்டும். விடை கிடைக்காதவர்கள், எந்தெந்த இடத்தில் எந்தெந்தச் சொல்லைப் போட்டுத் தேடினோம் என்ற குறிப்பை எழுதித் தந்தால் போதும். அடுத்த ஆண்டு வருகிறவர் அங்கிருந்து தொடங்குவார்.